நிற்கத் தெரியாத நுனி

அன்று மதியம் அந்தச் செடி ஆராய்ச்சிக் கட்டடத்தில் இருந்தவர்கள்: இரவு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாத கோகுலகிருஷ்ணன். வாட்ச்மேன் சாமிக்கண்ணு. இருட்டறைக்குள் துர்காவின் தக்காளி நாற்றுகள். துர்கா இன்னும் பஸ்ஸில் இருந்தாள்.

"உள்ள என்னமோ டிக்கு டிக்குங்குது சார்," என்றார் சாமிக்கண்ணு. "சூளையிலேர்ந்து எறக்குன பீங்கான் ஆறும்போது கேக்குமே, அந்தச் சத்தம்."

விருத்தாசலத்தில் அது எல்லோருக்கும் தெரிந்த சத்தம்தான். பளபளப்பான மேல்பூச்சில் மயிரிழையாக விரிசல் ஓடும் சத்தம். ஆனால் இங்கே சூளை கிடையாது. பக்கத்துப் பீங்கான் கம்பெனி கழித்துப்போட்ட கிண்ணங்களில் நாற்று வைத்திருந்தார்கள். அவை வெந்து ஆறி எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

"எலியா இருக்கும்ணே."

"எலிதான், போங்க," என்று சாமிக்கண்ணு டீ குடிக்கப் போனார்.

அந்த வருஷம் பகலெல்லாம் கரண்ட் கட். அதனால் அறையின் நாளைத் தலைகீழாக்கியிருந்தார்கள். ராத்திரி முழுக்க உள்ளே விளக்கெரியும். செடிகளுக்கு அது பகல். வெளியே வெயில் கொளுத்தும்போது அவற்றுக்கு ராத்திரி. அந்த நேரத்தில் நுழைகிறவர்கள் பச்சைத் தாள் ஒட்டிய டார்ச்சைத்தான் எடுத்துப்போவார்கள். பச்சை வெளிச்சம் செடியை எழுப்பாது.

செடியின் உச்சியில் ஓயாமல் பெருகுகிற செல்கள் கொஞ்சம் உண்டு. அவற்றிடம் போதும் என்று சொல்வது பெப்டைடு என்கிற குட்டிப் புரதத் துணுக்கு. இப்படிச் சேதி சொல்லும் துணுக்குகளுக்கான மரபணுக்கள் குடும்பம் குடும்பமாக இருக்கின்றன. வேருக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று. உச்சியை நிறுத்தும் மரபணுவைத் துர்கா கெடுத்துவிட்டு, அந்தத் துணுக்கை வெளியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டே நாற்றுகளை ஒழுங்காக வளர்த்திருந்தாள். மறுநாள் பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பார்க்க வருகிறார்கள். பார்த்தால் அவளை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவளும் கோகுலகிருஷ்ணனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டான், அவள் முடித்தாள். அவள் சிரிப்பது கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

அக்கா வளைகாப்புக்குச் சேத்தியாத்தோப்பு போகும்போது சொட்டு விடும் வேலையை அவனிடம் கொடுத்தாள். "ஒரு நாள்கூட வுட்டுடாத கோகுலு." அவன் தவறாமல் விட்டான், வெறும் தண்ணீரை. துணுக்குக் கலந்த மருந்தைச் சிங்க்கில் ஊற்றினான். நுனிகள் பருத்தன. நேற்றிரவு கோழிக்கொண்டைப் பூ மாதிரி மடிந்து மடிந்து அகன்றிருந்தன. ரசித்துப் பார்த்தான்.

இப்போது டார்ச்சோடு உள்ளே போனான்.

கசக்கிய தக்காளி இலையின் காட்டமும் ஈரக் களிமண் வாடையும் அவற்றுக்கு அடியில் புளித்த பால் போல ஒரு நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன; பச்சை வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் கிண்ணங்கள் பிளந்து கிடக்க, தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, தனித்தனி நாற்று என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே மடிப்பாக அலமாரியை மூடியிருந்தன. ஓரம் அசைந்தது. காற்று இல்லை.

சுவரில் ஒரு பல்லி.

வால் அறுந்து மறுபடி முளைத்திருந்தது. முளைத்தது நிற்கவில்லை. சுவர் நெடுக ஓடி, மூலையில் வளைந்து, அலமாரிக்குப் பின்னால் போய், அந்த மடிப்புக்குள் நுழைந்திருந்தது. பல்லி உயிரோடு இருந்தது. அவனைப் பார்த்தது.

வெளியே வந்தான். கதவு ஸ்பிரிங்கில் தானாகச் சாத்திக்கொண்டது.

"என்ன கோகுலு, வூட்டுக்குப் போவலயா? இப்டி வேர்த்து ஊத்துது?"

துர்கா. கையில் தூக்குவாளி.

"தூக்கம் வரல."

"இந்தா, வளைகாப்பு சோறு. புளி உனக்கு ஆவாதுன்னு தயிர் சாதம் தனியா கட்டியாந்தேன். எங்கக்காகூட, யாருடி அந்தக் கோகுலுன்னு கிண்டல் பண்ணுது." சிரித்தாள். "புள்ளைங்க எப்டி இருக்குதுங்க?"

"இருக்குது."

"நாளைக்கு அவங்ககிட்ட உன் பேரத்தான் மொதல்ல சொல்லப் போறேன். நீ இல்லன்னா இது இல்ல."

பிச்சை போடுகிறாள் என்று நினைத்தான். உள்ளே போகாதே என்றால் ஏன் என்பாள். தண்ணீர் கதை வெளியே வரும். நாளைக்கு அவர்கள் வந்து நிற்கும்போது அவள் பெரிய மனசோடு மன்னிப்பாள்.

டார்ச்சை நீட்டினான்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவன் கதவின் சின்னக் கண்ணாடியில் முகத்தை வைத்தான். பச்சை வெளிச்சம் நகர்ந்தது. நின்றது. கீழே விழுந்து உருண்டது.

"கோகுலு?" அவள் கத்தவில்லை. குரல் குழம்பியிருந்தது. "சும்மா தொட்டுதான் பாத்தேன்."

டிக்.

"கோகுலு, என் கைய பாரேன்."

உள்ளங்கை கண்ணாடியில் வந்து ஒட்டியது. மருதாணி சிவந்த விரல்கள். அவற்றின் நடுவே மருதாணி இல்லாத விரல்கள், வெளுத்து, ஈரமாக. எண்ணத் தொடங்கினான். எண்ணுவதை விட்டான். அவை வந்துகொண்டே இருந்தன.

உள்ளிருந்து கைப்பிடி திரும்பியது. அவன் கதவை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, பூட்டினான்.