எண்ணூறு வோல்ட் வாக்குமூலம்

ட்ரிங்... ட்ரிங்...

போன் அடித்தது.

அடித்த இடம்தான் விபரீதம். பந்தயக் காருக்குள்... டிரைவர் சீட்டுக்கு அடியில்!

சிட்டு திடுக்கிட்டாள்.

ஆள் ஒல்லி, வேகம் ஜாஸ்தி என்பதால் எல்லோருக்கும் அவள் சிட்டு. கோடீஸ்வரர்களுக்கு மட்டுமே கார் செய்து விற்கிற அந்தக் கம்பெனியின் முதல் மின்சாரப் பந்தயக் காருக்கு அவள்தான் டிரைவர். நாளைக்கு அறிமுக விழா. இன்றைக்குக் கம்பெனியின் கண்காட்சி ஹாலில் ஒத்திகை. ஹெல்மெட், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

போன் தானாகவே நின்றது. தானாகவே பேசியது!

"சிட்டு... அசையாதே. தலைக்கு மேல பாரு."

பார்த்தாள்.

அதுவரை பச்சையாக எரிந்த காரின் எச்சரிக்கை விளக்கு... சிவப்பு!

க்ளிக்! ஹாலின் கண்ணாடிக் கதவு தானே பூட்டிக்கொண்டது.



மின்சாரக் கார் ஓட்டுகிறவர்களுக்கு முதல் நாள் முதல் பாடம் அந்த விளக்குத்தான். பச்சை என்றால் தொடலாம். சிவப்பு என்றால், காரின் உடம்பு முழுக்க எண்ணூறு வோல்ட் ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறவருக்கு ஆபத்தில்லை. ஒரு கை காரிலும் ஒரு கால் தரையிலும் பட்டால்... அவ்வளவுதான்! இறங்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, காரைத் தொடாமல் எட்டக் குதிக்க வேண்டும்.

சிட்டுவால் குதிக்க முடியாது.

போன வாரம் சோதனை ஓட்டத்தில் சுவரில் மோதி, வலது கணுக்காலில் தடித்த கட்டு. அவளைத் தூக்கித்தான் காருக்குள் உட்கார வைத்திருந்தார்கள்.

"யா... யாரு நீ?"

"அது உனக்கு வேண்டாம். இந்த போன் பத்தி வெளியில ஒரு வார்த்தை போச்சு... உன் சீட்டுக்கும் கரண்ட் வரும். சுவிட்ச் என் கையில!"

இயந்திரம் போட்டு மாற்றிய குரல். தகர டப்பாவுக்குள் யாரோ இருமுவதுபோல் இருந்தது.

ஸ்டியரிங்கில் ரேடியோ சிமிட்டியது.

"சிட்டு! நான்தான், ஃப்யூஸ்!" கண்ணாடிக்கு வெளியே பாட்டரி இன்ஜினியர் இரண்டு கையையும் ஆட்டினான். "கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் காட்டல. ஆனா லைட் சிவப்பு. லைட்டைத்தான் நம்பணும். எதையும் தொடாதே!"

அவள் பட்டனை அழுத்தினாள். அழுத்தினால்தான் அவள் பேசுவது வெளியே கேட்கும்.

"கதவைத் திறடா!"

"சிவப்பு வந்தா கதவு லாக் ஆயிடும். உள்ள எவனும் ஓடிப்போய் உன்னைத் தொட்டுடக் கூடாதுல்ல? கையால திறக்கிற சாவி சித்தப்பா ரூம்லதான் இருக்கு. எடுக்கப் போயிருக்காரு. நான் ரப்பர் க்ளவுஸ், உன்னை இழுக்கக் கரண்ட் பாயாத கொக்கி எல்லாம் கொண்டு வரேன்."

சித்தப்பா என்றதும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அப்பாவின் கூடப் பிறந்த தம்பி. டீம் மேனேஜர். அப்பா போன பிறகு அவளை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர். அவர் குரலும் ரேடியோவில் மூச்சிரைக்க வந்தது.

"கண்ணு, பயப்படாதே! சாவியைத் தேடிக்கிட்டே இருக்கேன்... இந்தா வந்துட்டேன்!"

"சீக்கிரம் வாங்க சித்தப்பா..."

ரேடியோ அடங்கியது. சீட்டுக்கு அடியில் தகர டப்பா திறந்தது.

"அழுதாச்சா? இப்ப கேளு. ரெண்டு மாசமா இந்தக் காரோட மோட்டார் டிராயிங் எதிர்க் கம்பெனிக்குப் போய்க்கிட்டிருக்கு. விசாரிக்க ஒரு போலீஸ் அம்மா வந்திருக்காங்க."

"தெரியும்."

"வித்தது நீதான்னு ரேடியோவுல சொல்லு."

"நான் விக்கலயே!"

"எனக்குத் தெரியாதா? நான்தானே வித்தேன்!"

சிட்டுவுக்கு வேர்த்தது. ஹெல்மெட்டுக்குள் வேர்த்தால் துடைக்கவும் வழியில்லை.

"மிரட்டித்தான் சொல்ல வச்சான்னு அப்புறம் நான் சொல்ல மாட்டேனா?"

"சொல்லு. யாரு மிரட்டினா? எங்க போனு? ஒண்ணும் இருக்காது. சாகப் போறோம்னு நினைச்சு ஒருத்தி உளறிக் கொட்டினதை ஊரே நம்பும், சிட்டு. ஏழு நிமிஷம் தரேன். உன் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து அம்மா எங்கேன்னு கேப்பா... யோசிச்சுக்க."

ஏழு நிமிஷம்!

அவள் கண்ணை மட்டும் சுழற்றினாள். அசைக்க அதுதான் மிச்சம்.

ஹால் முழுக்கக் கம்பெனியின் எண்பது வருஷத்துப் பந்தயச் சரித்திரம் வரிசை கட்டி நின்றது. மூடியைத் தோல் வாரால் இழுத்துக் கட்டிய கார், மலைப் பந்தயத்தில் ஜெயித்தது. அடுத்தது நீள மூக்கு வெள்ளிக் கார். அப்புறம் இருபத்துநாலு மணி நேரம் ஓடிவிட்டுக் கோட்டைத் தாண்டியதும் தீப்பிடித்த ஒன்பதாம் நம்பர், கரியோடு அப்படியே. கோப்பை வாங்கியது இந்தக் கார்கள். அதைக் காட்டி விலை ஏற்றியது பணக்காரர்களுக்கு விற்ற கார்களுக்கு. கடைசியாக, சித்தப்பா ஓட்டிய சிவப்புக் கார். கம்பெனியின் கடைசிப் பெட்ரோல் வெற்றி அதுதான். மறு வருஷமே இன்ஜின் கூடத்தை பாட்டரி கூடமாக்கிவிட்டார்கள்.

எல்லாமே ஓடி முடித்த கார்கள். அவளுடையது ஒன்றுதான் ஓடவே ஆரம்பிக்காதது!

"நாலு நிமிஷம்..." என்றது தகர டப்பா.

"ஒத்துக்கிட்டா நான் ஜெயிலுக்குப் போவேன்!"

"ஜெயில்ல பொண்ணு வந்து பார்க்கலாம். சுடுகாட்டுல பார்க்க முடியுமா?"

நீங்களாவது ஒரு முறை மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். பாவம், அவளால் முடியவில்லை. கொஞ்சம் அசைந்தாலும் சீட்டுக்குக் கரண்ட் வந்துவிடுமோ என்கிற பயம்!

"ரெண்டு..."

"சொல்றேன்!"

பட்டனை அழுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே ஃப்யூஸ் ரப்பர் கையுறையோடு நின்றான். பக்கத்தில் விசாரணைக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர், காதில் ஹெட்போனுடன்.

"டி... டிராயிங்கை வித்தது நான்தான்."

ஃப்யூஸின் வாய் பிளந்தது.

"சிட்டு! கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?"

"நான்தான்டா. என் பொண்ணைப் பார்த்துக்கங்க..."

இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். போன் கப்பென்று அடங்கியது. ஒரு 'சரி' கூட இல்லை.

அடுத்த நிமிஷம்...

"தள்ளுங்க! தள்ளுங்க!"

சாவியோடு ஓடி வந்தார் சித்தப்பா. பூட்டைத் திறந்தார். ஃப்யூஸ் கொக்கியோடு முன்னால் வருவதற்குள் அவனை இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே பாய்ந்தார்!

"சார்! க்ளவுஸ் போடாம..."

அவர் காதில் விழவில்லை. முப்பது வருஷம் பெட்ரோல் காரோடு குப்பை கொட்டியவர். நின்றுபோன காரைப் பார்த்தால் வெறுங்கையோடு பாய்வது அவர் ரத்தத்தில் ஊறியது. மண்டியிட்டார். இடது உள்ளங்கையைக் காரின் மேல் அழுத்தி ஊன்றிக்கொண்டு, வலது கையைச் சீட்டுக்கு அடியில் விட்டார்.

"பெல்ட்டைக் கழட்டறேன் கண்ணு. ஒண்ணுமில்ல... ஒண்ணுமில்ல..."

வாசலில் நின்ற காவலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "பெத்த அப்பன்கூட இப்படி உசிரைக் கொடுக்க மாட்டான்!"

சிட்டு அவர் கையைப் பார்த்தாள்.

முழங்கால் தரையில். உள்ளங்கை காரில்.

தலைக்கு மேல்... விளக்கு இன்னும் சிவப்பு!

"சார்! கையை எடுங்க!" ஃப்யூஸ் அலறினான். "லைட்டு! லைட்டு!"

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். பதறவில்லை. எரிச்சலோடு சொன்னார்.

"அட, கத்தாதடா! பல்புல மட்டும்தான் கோளாறு. கார்ல கரண்டே கிடையாது."



கம்ப்யூட்டர் சொல்லாததை... பாட்டரி இன்ஜினியருக்கே தெரியாததை...

"சித்தப்பா." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "பல்பு மட்டும்தான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"



"அது... ஒரு அனுபவத்துல..."

"பெல்ட் என் நெஞ்சு மேல இருக்கு. உங்க கை ஏன் சீட்டுக்கு அடியில இருக்கு?"

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டாள்.

"அப்படியே நில்லுங்க! விரலை விரிங்க!"

விரல்கள் விரிந்தன. உள்ளே சின்னக் கறுப்பு போன்!

"மேடம், இதுல பேசித்தான் என்னை ஒத்துக்க வச்சாரு!" சிட்டு விக்கினாள். "போனை மட்டும் எடுத்துட்டா அப்புறம் நான் சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்கன்னு..."

இன்ஸ்பெக்டர் அவர் சட்டைப் பையைத் தடவினாள். கதவு ரிமோட் அளவில் ஒரு பெட்டி வந்தது. ஒரே ஒரு பட்டன்.

"லைட்டை அணைக்க மறந்துட்டீங்க போல சார்?"

சித்தப்பாவின் தோள் சரிந்தது.

"எனக்குக் கரண்ட் பத்தி என்ன தெரியும்? பல்புக்கு மட்டும்தான் ஒயர் போட்டேன்... உனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது கண்ணு. முப்பது வருஷம் இவங்களுக்காக ஓட்டினேன். ஒரு நாள்ல என்னையும் கண்ணாடி ஹாலுக்குள்ள நிறுத்திட்டாங்க, காரோட காரா!"

"அதுக்கு என்னை உள்ள பூட்டினீங்களா சித்தப்பா?"

 இன்ஸ்பெக்டர் அவரை நடத்திக்கொண்டு போனாள்.

ஃப்யூஸ் கொக்கியைக் கீழே போட்டான். கையுறையைக் கழற்றி வீசினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்பாடா! வெறும் பல்புதானாம்! வா சிட்டு, கையைக் கொடு, இறக்கி விடறேன்!"

சிட்டு இரண்டு கையையும் மடிக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"வெறும் பல்புன்னு சொன்னது யாரு? அந்த மனுஷன்தானே? காலையில இருந்து அவரு ஒரு உண்மையாவது பேசியிருக்காரா? அவரு தொட்டப்ப கரண்ட் இல்லன்னா இப்பவும் இல்லன்னு ஆயிடுமா? கிட்ட வராதே! போய் கரண்ட் அளக்கிற மீட்டரை எடுத்துட்டு வாடா!"