நான் வைத்த பதினொரு பெயர்கள்

கிள்ளான் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது மணி ஏழரை. ஜப்பான்காரன் வந்ததும் ஊரிலிருந்த கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான். அதனால் ஏழரைக்கும் இன்னும் சரியாக விடியவில்லை. 1943, ஜூன் மாதம். கையில் அவித்த மரவள்ளிக்கிழங்குப் பொட்டலம், சட்டைப்பையில் ‘நிப்பொன்கோ ஆசிரியர் இராமலிங்கம்’ என்று முத்திரை குத்திய காகிதம். மூன்று மாதத்தில் ஜப்பானிய மொழியைக் கற்றுக்கொண்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறவன் நான். அந்த ரயிலில் என்னைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் இருந்திருக்க முடியாது.

எந்தப் பள்ளிக்கூடம் என்று காகிதத்தில் போட்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அதைப் படித்ததும் என் மனைவி புஷ்பவல்லியின் முகம் மாறிவிட்டது.

“அங்கயா? வேணாங்க. உடம்பு சரியில்லன்னு எழுதிக் கொடுத்துடுங்க.”

“போகலன்னா ஏன் போகலன்னு கேக்க ஆளு வருவான்,” என்றேன்.

அவள் வழிக்குக் கிழங்கு அவிக்க அடுப்படிக்குப் போனாள்.

அது ஒரு சீனப் பள்ளிக்கூடம். போருக்கு முன்னால் நான்கு வருடம் அங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான் தமிழன். நான் பன்றி இறைச்சி தொடமாட்டேன் என்று சமையல்காரி எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்து வைப்பாள். நெற்றித் திருநீறு எதற்கு, தலைவலிக்கா என்று பிள்ளைகள் கேட்பார்கள். குச்சியால் சோறு சாப்பிட நான் படும் பாட்டைப் பார்க்க ஜன்னலில் கூட்டம் கூடும். கோபம் வந்தாலும் எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

பெயர்கள்தான் பெரிய தொல்லை. சீனப் பெயருக்கு ஒரு ராகம் உண்டு. என் வாயில் அது ஏறவே இல்லை. நான் வருகைப்பதிவு கூப்பிட்டால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பது பொறுக்காமல், பெரிய வகுப்புப் பையன்கள் பதினொரு பேருக்கும் நானே இங்கிலீஷ் பெயர் வைத்தேன். ஆல்பர்ட், ஜார்ஜ், வால்டர். கடைசிப் பையன் ஹென்றி. என் பதிவேட்டிலும் அந்தப் பெயர்களைத்தான் எழுதினேன். நான் கூப்பிட்டதும் ஒவ்வொருவனும் எழுந்து நின்று “பிரசன்ட், சார்” என்பான். ஒருநாள் ஒருவன் உட்கார்ந்தபடியே சொல்ல, வெளியே நிற்க வைத்தேன். அன்றிலிருந்து தூக்கத்தில் கூப்பிட்டாலும் எழுந்து நிற்பார்கள்.

இந்த முறை பள்ளிக்கூடத்தில் பழைய ஆட்கள் யாருமில்லை. தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பயத்தில் யாரோ அலுவலகக் காகிதங்களை எல்லாம் எரித்துவிட்டார்கள். வாசு என்று ஒரு காவல்காரர் மட்டும் கூட்டிக்கொண்டிருந்தார்.

“சார், கோடி ரூம் வேணாம்லா. வேற ரூம் எடுத்துக்குங்க.”

“ஏன்?”

“கூட்டிக்கிட்டே இருக்கேன். மறுநாளும் ஒரே இடத்துல தூசி கிடக்குது. மேல யாரோ நகர்ற மாதிரி இருக்கு.”

கோடி அறைதான் என் பழைய வகுப்பு. வேறு அறைகளில் கூரை ஒழுகியது.

முதல் நாள் முப்பது சிறு பிள்ளைகள். பெயர் கூப்பிட்டேன். ஒவ்வொன்றும் ஜப்பானிய முறைப்படி “ஹாய்!” என்று கத்தியது. முப்பதாவது பெயர் முடிந்தது. பதிவேட்டை மூடினேன்.

“பிரசன்ட், சார்.”

மெல்லிய குரல். தலைக்கு மேலே, கூரைப்பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இங்கிலீஷ் பேசினால் கன்னத்தில் அறை விழும் காலம் அது. எந்தப் பிள்ளையும் வாயைத் திறந்திருக்கவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் அண்ணாந்து பார்த்தாள். என் மேஜையில் பொடிப்பொடியாகத் தூசி உதிர்ந்தது. அதோடு தலைவலித் தைலத்தின் வாசனை வந்தது.

அந்தத் தைலத்தை எப்போதும் பூசிக்கொண்டு வருகிறவன் ஹென்றி.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1942 மார்ச் மாதம் என் டிரங்குப் பெட்டியை எடுத்துப்போக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். அன்றைக்குப் பார்த்து ஜப்பானியச் சிப்பாய்கள் தெருவிலிருந்த சீன ஆண்களை எல்லாம் மைதானத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மொழிபெயர்ப்பாளன் என்னிடம் வந்தான். “மாணவர்களைத் தனியாப் பிரிச்சு வீட்டுக்கு அனுப்பப் போறோம். நீ வாத்தியார்தானே, பேர் கூப்பிடு,” என்றான்.

நான் நம்பினேன். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வராந்தாவில் நின்று கூப்பிட்டேன். வெயிலில் பத்துப் பேர் ஒவ்வொருவராக எழுந்து, “பிரசன்ட், சார்” என்றார்கள். என்னைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் ஒரு தெம்பு வந்தது.

ஹென்றியின் பதில் வரவில்லை. கூட்டத்தில் எங்கோ இருக்கிறான், விட்டுப்போய்விடக் கூடாது என்று இரண்டாம் முறை கொஞ்சம் அதட்டிக் கூப்பிட்டேன்.

“பிரசன்ட், சார்.”

கூரைக்கு மேலே மூன்று நாளாக ஒளிந்திருந்தானாம். யாருக்கும் தெரியாது. பலகையை நகர்த்தி, தலையெல்லாம் தூசியோடு அவனாக இறங்கி வந்தான்.

ஜப்பானுக்கு எதிராகச் சீனாவுக்குப் பணம் திரட்டியவர்கள் என்று மாணவர்களைத்தான் அவர்கள் முதலில் தேடிக்கொண்டிருந்தார்கள். பதினொரு பேரையும் லோரியில் ஏற்றினார்கள். சாயங்காலம் லோரி காலியாகத் திரும்பியது. என்னை இந்தியன் என்று விட்டுவிட்டார்கள்.

நிப்பொன்கோ ஆசிரியராக நான் திரும்பி வந்தது தெரிந்து, முதல் வாரமே ஹென்றியின் தாய் வந்தாள். ஊருக்கு வெளியே மேரு பக்கம் கீரைத்தோட்டம் போட்டிருப்பவள்; போருக்கு முன்பே மகனோடு பள்ளிக்கு வந்து எனக்குத் தெரிந்தவள். தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லாத ஊரில், மகனின் வாத்தியார் நான் ஒருவன்தான் அவளுக்கு மிச்சம்.

“சிக்கு, என் மகனைப் பாத்தீங்களா?” என்று மலாயில் கேட்டாள். மலாயில் வாத்தியார் சிக்கு, சீன வீட்டு அம்மா நியோனியா.

“காட்டுக்குள்ள ஓடிட்டான்னு கேள்வி, நியோனியா. நல்லாத்தான் இருப்பான்.”

வாய் கூசாமல் சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கீரைக்கட்டோடு வந்தாள். நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதெல்லாம் மேலே பலகை கிறீச்சிடும். அவள் எலி என்பாள்.

நவம்பரில் ஒரு வெள்ளி. பிள்ளைகள் போய்விட்டார்கள். பிற்பகல் மழை கொட்டியது. அவள் கீரை கொண்டுவரவில்லை. கையில் கறுப்புக் குடை, ஒரு மூங்கில் கம்பு. கம்பின் நுனியில் வெள்ளைப் பள்ளிச் சட்டை ஒன்றைக் கட்டியிருந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

“சிக்கு, மூணு நாள் ஆத்தங்கரையில நின்னு இந்தச் சட்டையைத் தூக்கிப் பிடிச்சுக் கூப்பிட்டேன். பூன் கியாட், பூன் கியாட்னு. செத்தவனா இருந்தா ஆத்மா வந்து சட்டையில ஏறும், கம்பு கனக்கும். கனக்கவே இல்ல. என் மகன் உயிரோட இருக்கான். நாளைக்குக் காட்டுக்குள்ள தேடிப் போறேன்.”

காட்டோரத்தில் நடமாடினால் கேள்வி கேட்காமல் சுடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைதானத்தைச் சொன்னேன். இரண்டாம் முறை அதட்டியதைச் சொன்னேன்.

அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை.

“என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க?”

“ஹென்றி.”

“என்... லி.” அவளுக்கு வாயில் வரவில்லை. மறுபடி முயன்றாள். அழுகைதான் வந்தது. “எனக்கு வரல சிக்கு. நீங்களே கூப்பிடுங்க.”

கம்பைக் கூரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். சட்டை தொளதொளவென்று தொங்கியது.

நான் எழுந்து நின்றேன்.

“ஹென்றி.”

மழைச் சத்தம்.

“ஹென்றி... பயப்படாதேப்பா. உங்க அம்மா வந்திருக்காங்க.”

தைல வாசனை வந்தது.

மேலே பலகை தானாக நகர்ந்தது.

“பிரசன்ட், சார்.”

மூங்கில் கம்பு வில்லாக வளைந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சட்டையின் தோள் புடைத்து நின்றது. அதன்மேல் தூசி படிந்துகொண்டே இருந்தது.

அவள் சீனத்தில் மெதுவாக ஏதோ சொன்னாள். சாப்பிட்டாயா என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது.

பிறகு சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, குடையை விரித்து வெளியே போனாள். வாசல்வரை போய்ப் பார்த்தேன். குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவள் முழுக்க நனைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்குத் தரையில் மழை விழவில்லை.

மறுநாள் காலை அறையில் தூசி இல்லை. “நிம்மதிலா சார்,” என்றார் வாசு. பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டேன். முப்பதும் “ஹாய்” சொல்லி முடித்தன. கூரை அமைதியாக இருந்தது. ஒன்றரை வருடம் கழித்து நான் நன்றாக மூச்சுவிட்டேன்.

“பிரசன்ட், சார்.”

ஜன்னல் பக்கமிருந்து வந்தது. மைதானத்தில் யாரும் இல்லை. ஈரப் புல் மட்டும் ஆங்காங்கே நசுங்கி எழுந்தது.

“பிரசன்ட், சார்.”

“பிரசன்ட், சார்.”

எண்ணினேன். பத்து.

அன்றிலிருந்து கிள்ளான் பாசாரில் சீனத் தாய்மார்களைத் தேடித் தேடிக் கேட்டேன். உங்களுக்கு ஆல்பர்ட் என்று மகன் உண்டா? வால்டர்? அவர்கள் என்னைப் பைத்தியமென்று நினைத்து, இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு மகனை அவர்கள் பெறவில்லை. அவர்கள் பெற்று, ஆசையாக வைத்த பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நாக்கில் ஏறவில்லை என்று நான் விட்டுவிட்ட பெயர்கள் அவை. காகிதங்களும் சாம்பலாகிவிட்டன.

இப்போது 1945 டிசம்பர். ஜப்பான்காரன் போய்விட்டான், கடிகாரத்தையும் பழைய நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மறுபடி இங்கிலீஷ் வாத்தியாராகிவிட்டேன். பதிவேட்டைக் கையால் தொடுவதில்லை, தலைகளை எண்ணிக்கொள்கிறேன்.

இன்று காலையும் நான் யாரையும் கூப்பிடவில்லை. பத்துப் பேரும் வரிசையாகச் சொன்னார்கள்.