உள்ளே ஆளா?

என் பெயர் வீரபாகு. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பல்லி கத்தினாலே எழுந்து விளக்கைப் போட்டுப் பார்க்கிற ஆள் நான். தொழில் மைக்செட். எம்.எல்.ஏ. அருணகிரிக்கு எங்கே கூட்டம் என்றாலும் என் பெட்டிகள்தான் முழங்கும். அவர் பேச்சு முழுக்க எனக்கு மனப்பாடம். அவருக்குத் தொண்டை கட்டினால் நானே பேசிவிடுவேன், ஓட்டுதான் விழாது.

ஆம்பூரைத் தாண்டிப் பாலாற்றோரம் வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்த, தோல் பதனிடும் டேனரியை மறுபடி திறக்கிறார்கள் என்று காலையிலேயே போய் இறங்கினேன். மழை மூட்டம். வெளியே பந்தல், ஜிகினாத் தோரணம், வேலை கிடைக்குமென்று வந்திருந்த ஜனம். உள்ளே இருட்டான கூடத்தில் ஒரு பழைய மர டிரம், வீட்டை உருட்டிப் படுக்க வைத்தது மாதிரி. தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுற்றவிடுவது. அருணகிரி ஒரு காலத்தில் அதை ஓட்டிய தொழிலாளி. இன்று அவர் கையாலேயே சுவிட்சைப் போட்டுத் தொடங்கி வைப்பதாக ஏற்பாடு.

டிரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோலை வெளியே இழுத்துப்போட ஆள் உள்ளே இறங்கியிருக்கலாம். அதனால் சுவிட்சைத் தொடுவதற்கு முன் பலகையில் தட்டி, "உள்ள ஆளா?" என்று கேட்பார்கள். ஆள் இருந்தால் திருப்பித் தட்டுவான். சத்தமே இல்லையென்றால்தான் ஓட்டலாம்.

அருணகிரியோடு வேலை பார்த்த தோஸ்த் அன்பரசன், அருணகிரி சுவிட்சைப் போட்டபோது அந்த டிரம்முக்குள்தான் செத்தார். 'நான் தட்டினேன், பதில் இல்லை. குடித்துவிட்டு உள்ளே தூங்கியிருக்கிறான்' என்று அருணகிரி அப்போது சொன்னார். பிறகு, இனி ஒரு தொழிலாளி இப்படிச் சாகக்கூடாது என்று சங்கம் கட்டினார், மறியல் செய்தார், ஜெயிலுக்குப் போனார், எம்.எல்.ஏ. ஆனார். நல்லதும் நிறையச் செய்தார், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் மட்டும் அன்பரசன் மனைவி சம்பூர்ணத்தம்மாவோடு தங்கிவிட்டது. அன்றைக்குக் குத்துவிளக்கேற்ற அந்த அம்மாவைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

ஜனத்தை உள்ளே விடுவதற்கு முன் கூடத்தில் அருணகிரி, சம்பூர்ணத்தம்மா, மேனேஜர் சதீஷ்குமார், நான் மட்டும். டிரம் பக்கத்தில் மைக்கை நட்டு விரலால் தட்டிப் பார்த்தேன்.

டொக்.

டிரம்முக்குள்ளிருந்து திரும்பி வந்தது.

டொக்.

எக்கோ என்று நினைத்தேன். மைக்செட்காரனுக்கு உலகமே எக்கோதான். ஆனால் நான் தட்டாமலே அது மறுபடி வந்தது. கூடவே சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை. அந்தக் கட்டடத்தில் தோல் நுழைந்து வருஷக்கணக்காகிறது.

"சார், உள்ள யாராச்சும் க்ளீன் பண்றாங்களா?" என்றேன்.

சதீஷ்குமார் டிரம்மின் கதவைத் திறந்து செல்போன் வெளிச்சத்தைப் பாய்ச்சினார். காய்ந்த பலகைகள். யாருமில்லை.

"எலிண்ணே. அதுக்கா இப்டி வேர்க்குது உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கதவை மூடினார்.

டொக்.

அவர் சிரிப்பு நின்றது.

அருணகிரி என் காதருகே குனிந்தார். "பாட்டு போடுடா. ஜாஸ்தியா வை."

போட்டேன். பந்தலே அதிர்ந்தது. ஆனாலும் அந்தத் தட்டல் கேட்டது. காதில் இல்லை, உள்ளங்காலில்.

"பாட்ட நிறுத்து தம்பி." சம்பூர்ணத்தம்மா தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

எம்.எல்.ஏ. சொன்னால் கேட்க வேண்டியவன் நான். என் விரல் என்னவோ என்னைக் கேட்காமல் பாட்டை நிறுத்தியது. மைக்கும் சேர்ந்து அணைந்தது.

"அண்ணே, தட்டிட்டு சுவிட்சப் போடுங்க" என்றார் அந்த அம்மா அருணகிரியிடம்.

"உள்ள யாரும் இல்லம்மா. இப்பதான பாத்தாரு?"

"இல்லன்னா தட்றதுக்கு இன்னா?"

அருணகிரி கையைத் தூக்கினார். பலகைக்கு முன்னால் அது அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டினார்.

"உள்ள ஆளா?"

மைதானத்தையே நிரப்பும் குரல், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தகரத்தில் மழை விழுந்தது.

டொக்.

அவர் நெற்றியைப் பலகையில் சாய்த்துக்கொண்டார். "அன்னிக்கு நான் தட்டலடா அன்பு. ஷிப்ட் முடியற அவசரம். தட்டவே இல்ல. நீ குடிக்கவும் இல்ல."

சம்பூர்ணத்தம்மா அழவில்லை. "இத வெளிய சொல்லுங்க. தோ, அந்த மைக்குல சொல்லுங்க."

அருணகிரி மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஜனம் வேலைக்குக் காத்துனு இருக்குதும்மா..." என்று முணுமுணுத்தபடி காருக்கு நடந்துவிட்டார்.

மின் கோளாறு, விழா ஒத்திவைப்பு என்று நான்தான் அறிவித்தேன், கணீரென்று. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைக் ஒயரைச் சுருட்டப் போனபோது சதீஷ்குமார் டிரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். எட்டிப் பார்த்தேன். காய்ந்து கிடந்த உட்பலகை முழுக்க ஈரம், உள்ளங்கை உள்ளங்கையாக.

அன்று மதியமே வீட்டில் தொடங்கியது.

"இன்னாங்க, பெட்டிக்குள்ள எலி பூந்துச்சா?" என்றாள் என் மனைவி பங்கஜம்.

ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிக் காட்டினேன். ஒன்றுமில்லை. மூடியதும், டொக். கரண்டே கொடுக்காத பெட்டி. அருணகிரி வீட்டுக்குப் போகாமல் அது ஏன் என் வீட்டுக்கு வந்தது என்று நாலு நாள் புலம்பினேன். அப்புறம்தான் உறைத்தது. அவரிடம் கேட்டாகிவிட்டது. இப்போது மைக் வைத்திருக்கிறவனைக் கேட்கிறது.

இன்று மாலை வாணியம்பாடியில் அருணகிரி கூட்டம். எந்தக் கூட்டத்திலும் முதலில் பேசுகிறவன் நான்தான், மைக் டெஸ்டிங். இன்றைக்கு வேறு ஒன்றைச் சொல்லப்போகிறேன். அன்பரசன் குடிக்கவில்லை, அன்று யாரும் தட்டவில்லை. அதற்கப்புறம் எனக்கு எந்தக் கட்சியும் பந்தல் தராது. பங்கஜத்திடம் இன்னும் சொல்லவில்லை. பேயைவிட அது பெரிய பயம்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கட்டிவிட்டேன். ஏறி உட்காரும் முன், எதற்கோ, அதன்மேல் தட்டினேன்.

"உள்ள ஆளா?"

டொக்.

ஒயர் இன்னும் என் கையில்தான் சுருட்டியபடி இருக்கிறது.