மடைக்காரர் மிதந்த ஏரி!

"வீ...ல்!"

அந்த அலறலில் விற்பனைக் கூடாரத்தின் கிட்டார் சட்டென்று நின்றது.

அலறியவள் டெக்சாஸிலிருந்து வீடு பார்க்க வந்த சீமாட்டி. ஒரு கையில் எலுமிச்சை ஜூஸ். இன்னொரு கை, எதிரே இருந்த ஏரியைக் காட்டியது.

'வில்லோ லேக் எஸ்டேட்ஸ்' குடியிருப்புக்கு அன்றுதான் திறப்பு விழா. வாசலில் ஆளுயரப் பலகை. 'தினமும் தண்ணீரைப் பார்த்துக் கண் விழியுங்கள்!'

அவள் பார்த்துவிட்டாள்.

பச்சை, மஞ்சள் பலூன்களுக்கு நடுவே ஒரு மனிதர் குப்புற மிதந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

"யா... யாரது?"

விற்பனைப் பெண்ணுக்குப் பயிற்சி அப்படி. வாய் தானாகப் பேசியது.

"ஏரியில நீச்சல் தடை, மேடம். யாரோ விதியை மீறி..."

சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது.

இரண்டாவது அலறல் அவளுடையது!

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து ரமோனா டஃபோயா வந்தபோது உடலைக் கரையேற்றியிருந்தார்கள். துப்பறியும் பிரிவில் அவள் பார்க்காத பிணமில்லை. ஆனாலும் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினாள்.

"ஃபிடென்சியோ ராயெல்..."

லா ஹோயிட்டா ஊர் வாய்க்காலின் மடைக்காரர். எந்த வயலுக்கு எந்த நாள் எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்பவர். அதனால் அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை.

பிடிக்காதவர்கள் உண்டு. பாதி ஊர்!

"மேடம்! இது கொலை! பச்சைக் கொலை!"

ஓடிவந்தவர் வேட் ஹாலிஸ்டர். குடியிருப்பின் முதலாளி. தீக்கோழித்தோல் பூட்ஸ், வெண்ணெய் நிறத்தில் அகன்ற தொப்பி. மாடு மேய்ப்பவரின் உடை. மாட்டை அவர் தட்டில் மட்டுமே பார்த்திருந்தார்.

"யார் பண்ணினதுன்னும் எனக்குத் தெரியும்! அந்தக் கிழவன் காசிமிரோ! நேத்து நடுரோட்டுல மண்வெட்டியை ஓங்கிக்கிட்டு இவரை அடிக்கப் போனான். ஊரே பார்த்துச்சு!"

"நான் ஒண்ணுதான் கேக்கறேன், மிஸ்டர் ஹாலிஸ்டர். இவர் இங்க எப்படி வந்தார்?"

"அவன்தான் கொண்டுவந்து போட்டிருப்பான்! என் திறப்பு விழாவைக் கெடுக்க!"

"இந்த ஏரிக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

ஹாலிஸ்டரின் கண் ஒரு நொடி தடுமாறியது.

"போர் போட்டிருக்கோம். கவுண்டி நிர்வாகம் குடுத்த அனுமதியிலயே இருக்கே! வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஒட்டும் இல்ல... உறவும் இல்ல!"

"சரி," என்றாள் ரமோனா.

---

காசிமிரோ லூசெரோவை யாரும் கைது செய்யவில்லை. அவரே வந்து ஷெரீஃப் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெடித்த கைகள். அழுது சிவந்த கண்கள்.

"என்னைப் பூட்டும்மா. நான்தான் கொன்னேன்!"

டெபுடி லாலோ துள்ளி எழுந்தான்.

"மேடம்! ஒத்துக்கிட்டாரு!"

"உக்காரு லாலோ... எப்படிக் கொன்னீங்க, அண்ணே?"

"வாயால."

லாலோ உட்கார்ந்தான்.

"அவர் என் தங்கச்சி யூஃபேலியாவோட புருஷன்மா. எனக்கு மச்சான். என் வயல் வாய்க்காலோட கடைசியில இருக்குன்னு உனக்குத் தெரியும். இந்த வருஷம் மிளகாச் செடி எல்லாம் சுருண்டுபோச்சு. என் முறை வரும்போது தண்ணியே வரல. வளைவுக்கு மேல கரை தொட்டு ஓடுது... ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தா ஒரு தவளை குளிக்க முடியாது!"

"ரோடு போட்டது ஹாலிஸ்டர்தானே?"

"ஆமா. வீடுங்களுக்குப் போற ரோடு. வாய்க்கால் குறுக்க வருது, பூமிக்கடியில குழாய் போட்டு இந்தப் பக்கம் விடறோம், ஒரு சொட்டு குறையாதுன்னு வந்து நின்னாங்க. வாய்க்கால் சங்கம் சம்மதிக்காம கவுண்டி அனுமதி தராது. மச்சான்தான் கையெழுத்துப் போட்டார். 'ஊருக்கு நாலு குடும்பம் வந்தா நல்லதுதானே, காசிமிரோ'ன்னார்..."

அவர் தன் வெடித்த உள்ளங்கைகளையே பார்த்தார்.

"நேத்து அவரை வழியில நிறுத்தி, 'என் தண்ணியை அவனுக்கு வித்துட்டியே, திருடா!'ன்னேன். எல்லாரும் பார்க்க! அவர் ஒரு வார்த்தை பேசல. 'நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்'னு மட்டும் சொன்னார். அந்த நாளைதான் இன்னைக்கு!"

ரமோனா அவர் தோளைத் தொட்டாள். அவளும் வாய்க்கால்கார வீட்டுப் பெண்தான். அவள் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு மதகுக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள். இன்று வரை கல்லறையிலும் தனித்தனி வரிசை!

---

அடுத்த நாள் வாய்க்கால் வளைவு.

ரோட்டுக்கடியில் போகும் குழாயின் வாய், இருட்டாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் தாராளமாக உள்ளே போகலாம்.

"மேடம்... இதைப் பாருங்க!"

லாலோ காட்டினான். குப்பை உள்ளே போகாமல் தடுக்கும் இரும்புக் கம்பி வலை, கரையில் படுத்துக் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு மண்வெட்டி.

"கைப்பிடியில எஃப்.ஆர்.னு செதுக்கியிருக்கு. ஃபிடென்சியோவோடது!"

"அப்போ வலையைத் தூக்கினது அவர்தான். குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க வந்திருக்கார்."

"இங்கயே தண்ணியில விழுந்திருந்தா?"

"குழாய்க்குள்ள போயிருப்பார். சரி, குழாய் எங்க முடியுது?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம். காசிமிரோ வயல்ல."

"அவர் எங்க கிடைச்சார்?"

"ஏரியில..."

லாலோவின் வாய் திறந்தது. மூட மறந்தது.

அப்போது ரமோனாவின் போன் அலறியது!

"சொல்லுங்க டாக்டர்..."

கேட்டாள். புருவம் ஏறியது. மெல்ல இறங்கியது. "நிச்சயமா?" என்று ஒரே ஒரு கேள்வி. நன்றி சொல்லி வைத்தாள்.

"போஸ்ட்மார்ட்டமா மேடம்? என்னாச்சாம்?"

"காசிமிரோவை வீட்டுக்கு அனுப்பு. யூஃபேலியா அக்காகிட்ட நான் நேர்ல போய்ப் பேசறேன்."

"அப்போ கொலைகாரன்?"

"உனக்குப் பசிக்கலையா லாலோ? வா, பச்சை மிளகாய் போட்ட புரிட்டோ வாங்கித் தர்றேன்."

லாலோவுக்குத் தலை சுற்றியது. ஆனால் பசியும் இருந்தது.

---

திங்கட்கிழமை காலை. ஹாலிஸ்டரின் குளுகுளு அறை.

அவர் பக்கத்தில் வக்கீல் பர்னெட். சான்டா ஃபேயிலிருந்து அவசரமாகக் காரோட்டி வந்த களைப்பு முகத்தில்.

"காசிமிரோவை விட்டுட்டீங்களாமே!" ஹாலிஸ்டர் சீறினார்.

"அவருக்கு எழுபது வயசு. ஃபிடென்சியோ எப்படி இருப்பார்? வாசல்ல நின்னா வாசல் தெரியாது. இந்தக் கிழவர் அவரைத் தூக்கி, உங்க குடியிருப்பைச் சுத்தியிருக்கற மதில் மேல ஏத்தி, ஏரிக்குள்ள போட்டார்ங்கறீங்களா?"

"கேட் வழியா வந்திருப்பான்!"

"விழா தொடங்கற வரைக்கும் கேட் பூட்டியிருந்துச்சே. சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான். வேற யாருக்கும்..."

ஹாலிஸ்டர் நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டார்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாய்க்காலுக்கும் ஏரிக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்லன்னீங்க," ரமோனா குரலை உயர்த்தவே இல்லை. "பூட்டின கேட். உயர்ந்த மதில். ஒரே சாவி. உங்க ஏரி. அதுல ஒரு பிணம். அதனால மறுபடியும் அதையேதான் கேக்கறேன். ஃபிடென்சியோ இங்க எப்படி வந்தார்?"

ஏசி ஓடியும் ஹாலிஸ்டருக்கு வியர்த்தது.

"பர்னெட்... இவங்க என்னைக் கொலைகாரன்ங்கறாங்க!"

"அவங்க அப்படிச் சொல்லல சார். நீங்க ஒரு வார்த்தையும் பேசாதீங்க."

"பேசாம இருந்தா ஆயுள் தண்டனைய்யா! ஒரு குழாய்க்கு என்ன பண்ணிடுவாங்க? அபராதம்! கொலைக்கேஸுக்கும் தண்ணிக்கேஸுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"நான் இந்த ஊர்ல பிறந்தவன் சார்," வக்கீல் பரிதாபமாகச் சொன்னார். "தெரியும். அதனாலதான் பேசாதீங்கங்கறேன்!"

ஹாலிஸ்டர் கேட்கவில்லை. எழுந்தே விட்டார்.

"வாங்க ஆபீசர்! நான் நிரபராதின்னு உங்க கண்ணு முன்னாலயே காட்டறேன்!"

---

வளைவில் ஊர் கூடியிருந்தது.

யார் சொல்லி வந்தார்கள் என்று ரமோனாவைக் கேட்டால் தெரியாது என்பாள். வாய்க்கால் சங்கத்தின் ஆண்களும் பெண்களும் கையில் மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். காசிமிரோ, கறுப்பு உடுத்திய தங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். லாலோ ரோட்டுக்கு அந்தப் பக்கம், குழாய் முடியும் இடத்தில், வாக்கி டாக்கியோடு.

ஹாலிஸ்டர் யாரையும் கவனிக்கவில்லை. உயிர் பிழைக்கும் அவசரம்!

ரோட்டோரம் அழகுக்கு வைத்திருந்த ஒரு பெரிய பாறையைக் கட்டிப்பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார். பாறை எழுந்தது. பிளாஸ்டிக்!

அடியில் ஓர் இரும்புச் சக்கரம்.

"ரோட்டுக்கடியில குழாய் ரெண்டாப் பிரியுது. ஒண்ணு வயலுக்கு. ஒண்ணு என் ஏரிக்கு. போர்ல உப்புத் தண்ணி வந்துச்சு, நான் என்ன பண்றது? சனிக்கிழமை பிணத்தைப் பார்த்ததும் நானே வந்து மூடினேன். இப்போ திறக்கறேன்!"

சுற்றினார். பூமிக்குள் ஏதோ உறுமியது.

"இப்ப பாருங்க!"

தலையிலிருந்த அந்த வெண்ணெய் நிறத் தொப்பியைக் கழற்றி வாய்க்காலில் வீசினார். அது ஒரு சுற்று சுற்றியது. குழாயின் இருட்டுக்குள் சர்ரென்று போனது.

கரையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம், லாலோ பேசறேன். தொப்பியும் வரல. தண்ணியும் நூலாக் குறைஞ்சுபோச்சு!"

அடுத்தது ஹாலிஸ்டரின் செல்போன். ஸ்பீக்கரில் போட்டார். விற்பனைப் பெண்ணின் குரல்.

"சார்... உங்க தொப்பி ஏரியில மிதக்குது. எடுத்துக் காயப் போடட்டுமா?"

"பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" ஹாலிஸ்டர் குதித்தார். "வந்துருச்சு! தொப்பி வந்த வழியாத்தான் அந்த ஆளும் வந்திருக்கார்! எந்தப் பாவியோ இங்க கொன்னுட்டுத் தள்ளியிருக்கான்! நான் நிரபராதி!"

யாரும் கை தட்டவில்லை.

ரமோனா மட்டும் தலையாட்டினாள்.

"உண்மைதான். நீங்க கொலைகாரர் இல்ல."

"அப்பாடா!"

"யாருமே இல்ல. ஃபிடென்சியோவுக்கு மாரடைப்பு. வலையைத் தூக்கின வேகத்துல நெஞ்சு நின்னுபோச்சு. தண்ணிக்குள்ள விழறதுக்கு முன்னாலேயே உயிர் போயிடுச்சுன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டார்."

ஹாலிஸ்டரின் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் இறங்கி பூட்ஸுக்குப் போனது.

"நே... நேத்தேவா? அப்போ கொலை கொலைன்னு..."

"அதைச் சொன்னது நீங்க. நான் அவர் எப்படி வந்தார்னுதான் கேட்டேன். மூணு நாளாக் கேட்டுக்கிட்டிருந்தேன். ரொம்பத் தெளிவாச் சொல்லிட்டீங்க. கவுண்டி அனுமதி இன்னைக்கே நிறுத்தி வைக்கப்படும். மாநில நீர்வளத்துறை ஜீப் கிளம்பிடுச்சு."

வக்கீல் பர்னெட் அங்கிருந்த நிஜப் பாறை ஒன்றைத் தேடி உட்கார்ந்தார்.

காசிமிரோ தள்ளாடி முன்னால் வந்தார்.

"ரமோனா... மச்சான் கடைசியா இங்க என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தார்?"

"உங்க தண்ணியைத் தேடிக்கிட்டிருந்தார், அண்ணே."

கிழவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. யூஃபேலியா குனிந்து அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"அழாதேண்ணா. நீ திட்டினதுக்கு அவர் கோபப்படல. ராத்திரி சாப்பிடும்போது, 'உங்கண்ணன் சொல்றதுல நியாயம் இருக்குடி'ன்னுதான் சொன்னார்."

பிறகு அவள் எழுந்தாள். சக்கரத்தை நோக்கி நடந்தாள். ஹாலிஸ்டர் தானாக விலகி வழிவிட்டார். அவள் இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். பூமிக்குள் உறுமல் அடங்கியது.

வாக்கி டாக்கியில் லாலோ கத்தினான்.

"மேடம்! தண்ணி! காசிமிரோ வயலுக்கு முழுசா வருது மேடம்... என் ஷூ போச்சு!"

கரையில் முதல் முறையாகச் சிலர் சிரித்தார்கள். சிலர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மண்வெட்டிகள் ஒவ்வொன்றாய்த் தோளுக்கு ஏறின. அந்தக் கண்கள் எல்லாம் இப்போது ஹாலிஸ்டர் மேல்.

அவர் மெல்ல ரமோனாவின் பக்கம் ஒதுங்கினார்.

"மேடம்... அபராதம்தானே? அதைக் கட்டிடறேன். நாளைக்கு அவர் அடக்கத்துக்கும் ஒரு பெரிய மாலையோட வந்து, நாலு பேர் முன்னால ஒரு மன்னிப்பு கேட்டுட்டா... ஊர்ல எல்லாம் சரியாயிடும் இல்ல?"

ரமோனா தன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் ஹாலிஸ்டர், இது லா ஹோயிட்டா. இங்க கொலை பண்ணினவனைக்கூட நாலு வருஷம் கழிச்சுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க... தண்ணி திருடினவனைச் சாவுக்குக்கூடச் சேர்க்க மாட்டாங்க!"