சோதனைக் கருவி எண் ஒன்று

துணைமணி அடித்தால் சாப்பிட்ட கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடவேண்டும். சிறுசேரி அடுக்ககங்களில் அதுதான் வழக்கம். பக்கத்தில் யாரோ தனிமையில் வாடுகிறார்கள் என்று பொருள். எந்த வீடு என்று மணியிலேயே எண் தெரியும். அதைக் கண்டுபிடிப்பது 'துழாவி' என்ற தேடல் செயலி. ஊரே அதில்தான் எதையும் தேடியது. என்ன தேடினார்கள், எங்கே தயங்கினார்கள், எதை எழுதிவிட்டு அழித்தார்கள் என்று அதனுள் இருந்த செயல்பதிவி ஒவ்வொரு தொடுகையையும் குறித்துக்கொண்டது. அந்தப் பதிவுகளை வைத்துத்தான் மணி அடிக்கும்.

செயல்பதிவிக்கு நிரல் எழுதியவள் பெர்சிஸ். ஐம்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. மணி அடித்து எத்தனையோ வீடுகளுக்கு ஓடியிருக்கிறாள். ஒன்பது ஆண்டுகளில் அவள் வீட்டுக்கு மட்டும் ஒருவரும் வந்ததில்லை. நாம் நன்றாகத்தான் இருக்கிறோம்போல என்று அவளும் நம்பிவிட்டாள். பதிவி பொய் சொல்லாது அல்லவா!

அன்று மூன்றாம் நாள் காய்ச்சல். 'ஒரு ஆளுக்குக் கஞ்சி வைக்க எவ்வளவு அரிசி' என்று தேடினாள். 'பேச ஆள்' என்று எழுதி அழித்தாள். மறுபடி எழுதினாள், அழித்தாள். இதற்கு அடிக்காத மணி வேறு எதற்கு அடிக்கும்? மதியம்வரை வாசலையே பார்த்துக் கிடந்தாள். அழுகை வந்தது.

உடன் வேலை செய்யும் முபாரக்கை அழைத்து, மணி ஏன் அடிக்கவில்லை என்று பார்க்கச் சொன்னாள்.

"அக்கா, உங்க போன்ல இருந்து ஒரு பதிவுகூட இல்லையே... அட! 'சோதனைக் கருவி எண் ஒன்று'ன்னு ஒதுக்கி வெச்சிருக்கு. சோதனைக்காக நாம சும்மா தட்டிப் பாக்கறது கணக்கைக் கெடுத்துடும்னு நீங்கதானே நம்ம போனையெல்லாம் அப்படிப் போட்டீங்க? வேலை முடிஞ்சதும் நாங்க எல்லாரும் எங்க போனுக்கு அதை எடுத்துட்டோம். நீங்க மறந்துட்டீங்க."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

"இப்ப எடுத்துடு."

"எடுத்தாச்சு. ஆனா முப்பது நாள் பதிவு சேர்ந்தாதான் மணி அடிக்கும். அதுவும் நீங்க எழுதின விதிதான்."

"எனக்கு இன்னிக்கே ஒருத்தர் வேணும்டா. நீ வர்றியா?"

"மணி அடிக்காத வீட்டுக்கு எப்படிக்கா வர்றது? வழக்கமில்லையே."

போர்வையைச் சுற்றிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கிருக்கும் சியாமளாவுக்கு இவளே இரண்டு முறை துணைக்குப் போயிருக்கிறாள்.

"உடம்பு முடியலைங்க. தனியா இருக்கப் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் வந்து உக்காருங்களேன்."

சியாமளா பதறித்தான் போனாள். சட்டென்று சுவரிலிருந்த துணைமணியை நிமிர்ந்து பார்த்தாள். பதற்றம் அடங்கியது.

"மணி அடிக்கலையே பெர்சிஸ். உங்களுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.