இந்த வாரத்து உடம்பு

திங்கட்கிழமை காலையில் விழிப்பு வந்ததும் சபேசனுக்கு முதல் வேலை, இந்த வாரம் தனக்குக் கொடுத்திருக்கும் உடம்பைச் சோதித்துப் பார்ப்பதுதான். கையைத் தூக்கினான். நீளமான கை, சர்வீஸ் போட வசதி. வலது பாதத்தில் கொப்புளம். போன வாரம் இதில் இருந்தவன் தேய்ந்த ஷூவோடு ஓடியிருக்க வேண்டும். இடுப்பைத் திருப்பினால் எங்கோ பிடித்தது. "இதுவும் ஓட்டைதான்," என்று அந்த உடம்பின் கரகரத்த குரலிலேயே சொல்லிக்கொண்டான்.

தரவரிசையின் உச்சியில் இருக்கும் டென்னிஸ் ஆட்டக்காரர்கள் சொந்த உடம்போடு விண்கலத்தில் வந்து இறங்குவார்கள். சபேசனைப் போன்ற மூன்றாம் அடுக்குக்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர்களுக்காகவே 'மனக்கடத்தி' வந்தது. மனத்தை மட்டும் ஒளிக்கற்றையாக்கிப் போட்டி நடக்கும் ஊருக்கு அனுப்பிவிடும். அங்கே கிடங்கில் உள்ள ஏதோ ஓர் உடம்பில் அதை இறக்குவார்கள். பதிலுக்கு ஆட்டக்காரர் தன் உடம்பை டென்னிஸ் சங்கத்திடம் விட்டுவைக்க வேண்டும். அது சரக்குக் கப்பலில் ஊர் ஊராகப் போய் யார் யாருக்கோ உழைக்கும். சபேசன் தன்னுடையதைக் கோயம்புத்தூரில் ஒப்படைத்து ஆறு வருஷம் ஆகிறது. அப்புறம் அதை அவன் கண்ணால் பார்க்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் சிநேகிதம் வாய்க்காது. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் இந்த வாரம் வேறு முகத்தோடு கடந்து போவார். சபேசன் முதலில் எல்லோரிடமும் பெயர் சொல்லிக் கைகொடுத்துப் பார்த்தான். பிறகு அலுத்துவிட்டது. சந்திரனின் சுரங்க நகரங்களில் நடக்கும் இந்தச் சில்லறைப் போட்டிகளைப் பார்க்க ஆளும் வருவதில்லை. பந்தைப் பொறுக்குவதும் ஆட்டக்காரர் வேலைதான். அவனிடம் ஒழுங்காகப் பேசும் ஒரே ஜீவன், கோவையில் இருக்கும் அக்கா வத்சலா.

"இந்த வாரமாச்சும் நல்ல உடம்பு குடுத்தாங்களாடா?" என்றாள் போனில்.

"எங்கக்கா. இடுப்பு புடிச்சுக்குது. இதை வெச்சுட்டு என்னத்த ஆடறது?"

"நாளைக்குத் தோத்துட்டா?"

"தரவரிசைல இருந்தே பேரை எடுத்துருவாங்க. அவ்வளவுதான், வீட்டுக்கு வர வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "என்ற உடம்பு மட்டும் கைல இருந்திருந்தா எப்பவோ மேல போயிருப்பேன்."

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் கேட்ட பேச்சு. வத்சலா சாப்பிட்டாயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் ஆட்டத்துக்கு இறங்கியவன் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அங்கே அவன் உடம்பு நின்றுகொண்டிருந்தது.

சந்தேகமே இல்லை. மோவாயில் அதே தழும்பு, இடது பாதத்தைச் சற்று உள்வாங்கி வைக்கும் அதே நடை. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவன் ரூபஸ், தூத்துக்குடிக்காரன், இந்தப் போட்டிகளுக்குப் புதிது. சபேசனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுத்து வந்தது தைரியம். குறையே இல்லாத உடம்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு, அது எதிரில் நின்றதும் அதன் குறைகள் ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தன. பேக்ஹேண்ட் எழும்பாது. முட்டி மடங்காது. அந்தப் பக்கமே தாழ்வாக அடித்தால் தீர்ந்தது.

அடித்தான். அந்த முட்டி மடங்கியது. அந்தக் கை, அவனிடம் இருந்தவரை ஒருநாளும் அடிக்காத பேக்ஹேண்டைக் கோட்டோரமாக அடித்தது. மறுபடி அடித்தான், மறுபடியும் அதேதான். ஆட்டம் சீக்கிரமே முடிந்துபோனது.

வலையருகே கைகுலுக்கிய சபேசன் கையை விடவில்லை.

"என்னண்ணே?" என்றான் ரூபஸ்.

"இது என்ற உடம்பு தம்பி."

ரூபஸ் பதறிப்போனான். "ஐயையோ, தெரியாதுண்ணே. நல்ல உடம்புண்ணே இது. சொன்னா சொன்னபடி கேக்கு."

"கொஞ்ச நேரம் புடிச்சுக்கட்டுமா?"

ரூபஸ் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான். ஆறு வருஷத்தில் சபேசனுக்குக் கிடைத்த தெரிந்த கை அது ஒன்றுதான். அழுகை வந்தது. அடுத்த ஆட்டக்காரர்கள் உள்ளே வந்த பிறகுதான் விட்டான்.

அந்த வாரம் கோப்பை ரூபஸுக்கு. பெயர் நீக்கப்பட்டவருக்கு அவர் உடம்பைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. போட்டி முடிந்ததும் கப்பல் ஏறி அது கோவைக்கு வந்து சேர்ந்தது. சபேசன் அதற்குள் குடியேறினான்.

முதல் ஞாயிறே, தான் ஆடப் பழகிய பழைய கிளப்பில் ஆடினான். எதிரே ஐம்பதைத் தாண்டிய ஒரு பாங்க் அதிகாரி, தொப்பையும் கண்ணாடியுமாக. தம்பி ஆடுவதை நேரில் பார்க்க வத்சலா காப்பி பிளாஸ்க்கோடு வந்திருந்தாள். சபேசனின் பேக்ஹேண்ட் வலையில் விழுந்தது. தாழ்வாக வந்த பந்துகளுக்குக் குனியாமலே நின்றான். ஜெயித்த அதிகாரி மூச்சுவாங்க வந்து கைகொடுத்துவிட்டு, "நல்ல ஆட்டம் சார்," என்றார்.

சபேசன் பெஞ்சில் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சந்திரனில் கோப்பை வாங்கிய முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். அவள் நீட்டிய காப்பியை வாங்காமல், சொந்தக் குரலில், மனம் நொந்து சொன்னான்:

"பாத்தயாக்கா? எவனோ என்ற உடம்பை நாசம் பண்ணி வெச்சிருக்கான்."