சீன் அறுபத்திரண்டு: ஒரு வருடம் கழித்து

அந்த வீட்டில் நாங்கள் போய் இறங்கியபோது காலை ஏழு மணி. நல்ல வெயில். பயப்படுவதற்கு ஒன்றுமே இல்லை, பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைத் தவிர. எனக்கு அதுதான் பேய். படப்பிடிப்பில் என் வேலை ஒலிப்பதிவு. எந்த மூலையில் யார் இருமினாலும் என் உயிர் போகும். எல்லோரும் சவுண்டக்கா என்று கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் எரிந்து விழுவேன் என்று எனக்குப் பெயர். இருக்கட்டும். எரிந்து விழாத ஆள் ஒலிப்பதிவு செய்த படத்தில் நடிகர்களைவிடக் காக்கைகள்தான் அதிகம் பேசும்.

கதாநாயகன் என் தம்பி. ஆள் உயரம் என்பதால் நெட்டை என்று கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். ஒன்பது வருடம் கும்பலில் ஒருவனாக, அடிவாங்கிக் கீழே விழுகிறவனாக, பிணமாக நடித்துக்கொண்டிருந்தான். காலில் விழாத குறையாக டைரக்டரிடம் கெஞ்சி இந்த வேஷத்தை அவனுக்கு வாங்கிக் கொடுத்தவள் நான்தான். நினைத்தால் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

படத்தில் அவனுக்குக் கொடையாளி வேஷம். கொடையாளியின் கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பஞ்ச காலத்துக் கொள்ளைக்காரன். பெரிய மனிதர்களின் கிடங்குகளை உடைத்து, தானிய மூட்டைகளை ஏழைகளின் வாசலில் இறக்கிவிட்டு, முகத்தைக்கூடக் காட்டாமல் போய்விடுவானாம். எங்கள் டைரக்டர் அதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். அவர் எழுதியதில், சரியாக ஒரு வருடம் கழித்துக் கொடையாளி அதே வாசலுக்குத் திரும்பி வருவான். கதவைத் தட்டி, "குடுத்ததை வாங்க வந்திருக்கேன். யார் வாங்கினது?" என்று கேட்பான். "நான்" என்று சொல்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். போனவர்கள் திரும்புவதில்லை.

பகலிலேயே இரவைக் காட்ட வேண்டும் என்பதால் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்தார்கள். எட்டு மணிக்கு வீட்டுக்குள் கும்மிருட்டு. புதுத்துணி வாடை, பசை வாடை, விளக்குச் சூட்டில் எழும்பிய பழைய தூசி வாடை. அந்த இருட்டுக்குள் வீட்டுக்காரம்மா வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், கையில் எங்கள் வசனத் தாள் ஒன்று. அது எங்கேயோ கீழே கிடந்திருக்க வேண்டும்.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டார்.

"நான்தாங்க. முழுக்க என் கற்பனை" என்றார் டைரக்டர், பெருமையாக.

"நாலு தலைமுறையா இந்த வீட்டுல யாரும் வெளிய சொல்லாததுங்க இது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

டைரக்டர் சிரித்தார். வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

"அவனை நல்லவன்னு ஊரே சொல்லுதே, ஏன்னு நெனைச்சீங்க? நல்லவன், கொடுத்தவன்னு சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமா அவனைத் தூங்க வெச்சிருக்கோம். நீங்களும் அப்படித்தான் எடுப்பீங்கன்னு நம்பி வீட்டைக் குடுத்தேன். நிறுத்திடுங்க."

"அம்மா, கையெழுத்துப் போட்டாச்சு. கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்றார் டைரக்டர். அந்தக் குரலில் பேசுகிற மனிதரிடம்தான் நான் ஆறு படம் வேலை செய்திருக்கிறேன்.

எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்தின் அமைதியை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்வது எங்கள் வழக்கம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு அமைதி உண்டு; வசனங்களுக்கு நடுவில் அதைத்தான் போட்டு நிரப்புவோம். அந்த ஒரு நிமிடம் யாரும் அசையக் கூடாது. நாற்பது பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன்.

இருபது நொடி வரை ஒன்றுமில்லை.

பிறகு வாசல் பக்கம் ஏதோ கனமானதை இறக்கி வைக்கும் சத்தம். தொப்பென்று போடவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக, பக்குவமாக.

"எவன்டா மூட்டையை இறக்கினது?" என்று கத்தினேன். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். வாசலில் ஒன்றும் இல்லை.

அடுத்து, தம்பியின் வசனத்தை மட்டும் கேமரா இல்லாமல் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவனைப் பின்னறையில் மைக் முன்னால் தனியாக நிறுத்திவிட்டு, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்து அவன் என் கண்ணுக்குத் தெரிய மாட்டான். ஹெட்போனில் மட்டும் கேட்கும். என் பேச்சு அவனுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரில் போகும்.

"குடுத்ததை வாங்க வந்திருக்கேன். யார் வாங்கினது?"

பரவாயில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் இழுத்தான். இருமினான். காத்திருந்தேன்.

மூன்றாவது தடவை வந்த குரலைக் கேட்டு என் கை தானாக மெஷினிலிருந்து விலகியது. அவசரமில்லாத குரல். எத்தனையோ வாசல்களில் இதைக் கேட்டுப் பழகிய குரல். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பாழாய்ப்போன தொழில் புத்தி பயத்துக்கு முன்னால் வந்து நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு டேக் எனக்குக் கிடைத்ததில்லை. தம்பியை நினைத்துப் பூரித்துப்போனேன்.

"பிரமாதம். எனக்கு இதுதான் வேணும். இன்னொண்ணு குடு" என்றேன்.

கொடுத்தான்.

"அக்கா, யார்கிட்ட பேசிட்டிருக்க?"

திரும்பினேன். தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றான்.

"ரெண்டு தடவைதான்கா சொன்னேன். தொண்டை கட்டுச்சு, தண்ணி குடிக்க வந்துட்டேன்."

பின்னறைக்கு ஓடினோம். மைக் மட்டும் நின்றது. புழுங்கிய தானியத்தின் வாடை மூக்கில் ஏறியது. கதவோரம் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். நான் பேசியதைக் கேட்டிருக்கிறார் என்று அவர் முகமே சொன்னது.

"வாய்விட்டுக் கேட்டு வாங்கிட்டியேம்மா" என்றார்.

அவர் வீட்டில் நடந்ததை எங்கள் இருவரிடமும் அங்கேயே சொன்னார். பஞ்சத்தில் வாசலில் மூட்டை இருந்தது. தாய்க்காரி அதை எடுத்து உள்ளே வைத்தாள். ஒரு வருடம் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். வருடம் முடிந்த அன்று கதவு தட்டப்பட்டது.

"யாரும் பேசாம இருந்தா?" என்று கேட்டேன்.

"இருக்க முடியாது. வாங்கின ஆளோட வாய் தானா திறக்கும். அவ வாய் திறந்தப்போ அவ மகள் முந்திக்கிச்சு. நான்னு சொல்லிச்சு. அதுக்கு ஆறு வயசு."

"அப்புறம்?"

"அவனுக்கு யாரா இருந்தா என்ன. ஒரு ஆள் கணக்கு."

 எனக்கு வந்த முதல் நினைப்பு, வாங்கினவள் நான், தம்பி இல்லை என்பதுதான். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

மூன்றாவது டேக்கையும் நான்காவதையும் அப்போதே அழித்தேன். தம்பியை ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், "கிளம்பு, இந்தப் படமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்றேன்.

"ஒன்பது வருஷம் பிணமாக் கிடந்திருக்கேன்கா. இன்னிக்குத்தான் எழுந்து நிக்கறேன்." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "அந்தம்மா கணக்குப்படியே பார்த்தாலும் உனக்கு ஒரு வருஷம் இருக்கு. அதுக்குள்ள எங்கயாவது போயிடலாம். இந்த ஒரு படத்தை மட்டும் முடிச்சுக்கறேன்."

ஒரு வருடம் என்பது நிறைய நாள். சரி என்று தலையாட்டினேன். ஒலிப்பதிவில் எத்தனையோ தப்புப் பண்ணியிருக்கிறேன், எதற்கும் அழுததில்லை. இதற்கு இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெளிச்சம் சரியாக அமைந்திருக்கிறது என்று டைரக்டர் காட்சிகளின் வரிசையை மாற்றினார். படப்பிடிப்பு அப்படித்தான். முதல் காட்சியை மாதக் கடைசியில் எடுப்பார்கள், சாவை எடுத்துவிட்டுப் பிறப்பை எடுப்பார்கள். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். அதனால்தான் என் மண்டையில் உறைக்கவில்லை.

கொடையாளி வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டிய காட்சி. தம்பியின் சட்டைக்குள் காலர் மைக்கை நான்தான் குத்திவிட்டேன். அவன் நெஞ்சு படபடவென்று அடித்தது என் விரலுக்குத் தெரிந்தது. "நல்லா பண்ணுடா" என்றேன். அவன் வாசலுக்கு வெளியே போய் நின்றான். கதவைச் சாத்தினார்கள். தாய் வேஷம் போட்ட நடிகை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் விளக்குக்குப் பின்னால், ஹெட்போனோடு.

கிளாப் அடிக்கும்போது காட்சியின் எண்ணோடு தலைப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் டைரக்டரின் பிடிவாதம். நடிகர்களுக்கு மனநிலை வருமாம். உதவி டைரக்டர் பலகையை நீட்டி, வீடே கேட்கும்படி படித்தார்.

"சீன் அறுபத்திரண்டு. ஒரு வருடம் கழித்து. டேக் ஒண்ணு."

பலகை அடித்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, என் ஒரு வருடம் முடிந்துவிட்டது.

வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன். குரல் வரவில்லை. விளக்குகளின் இரைச்சல் நின்றுபோனது. நாற்பது பேர் மூச்சு விடும் சத்தம் நின்றுபோனது.

கதவு தட்டப்பட்டது.

மூன்று தடவை, மெதுவாக.

"குடுத்ததை வாங்க வந்திருக்கேன்."

மூன்றாவது டேக்கின் குரல்.

"யார் வாங்கினது?"

நடிகை வசனத்தைச் சொல்லவில்லை. அவர் கண்கள் கதவிலேயே நின்றன. என் தாடை தானாக அசைந்தது. பல்லைக் கடித்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினேன். உதடு விரல்களைத் தள்ளிக்கொண்டு பிரிந்தது. அந்த ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

ஹெட்போனில் தம்பியின் மூச்சு கேட்டது. மிக அருகில். அழுகிறவனின் மூச்சு.

"அக்கா, நீ பேசாத."

அவனுடைய சொந்தக் குரல். பிறகு மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, சத்தமாகச் சொன்னான்; ஒன்பது வருடத்தில் எந்த வசனத்தையும் அவ்வளவு தெளிவாக அவன் சொன்னதில்லை.

"நான்தான் வாங்கினேன்."

என் வாய் மூடிக்கொண்டது. விளக்குகள் இரைந்தன. விளக்குக் கம்பங்களைத் தள்ளிவிட்டு ஓடிக் கதவைத் திறந்தேன். வெளியே நல்ல வெயில். மண் தரை நெடுக யாரும் இல்லை, காலடித் தடமும் இல்லை. எனக்குப் பின்னால் டைரக்டர், "டேக் ஓகே" என்றார்.

தேடாத இடமில்லை. போலீஸ்காரர்கள் கேட்ட கேள்வியையே கேட்டுவிட்டுப் போனார்கள். டைரக்டர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், தம்பியைப் பற்றி விசாரிக்க இல்லை, அந்த டேக்கை வாங்கிப் போக. அவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. காலர் மைக்கின் பேட்டரி ஆறு மணி நேரம் வரும். நூறு அடி தாண்டினால் எதுவும் கேட்காது. இன்றோடு நாற்பத்தோரு நாள் ஆகிறது. மெஷினைப் போட்டால் இப்போதும் கேட்கிறது. இரண்டு பேர் நடக்கும் சத்தம். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். பின்னால் நடப்பது என் தம்பி. அவன் கால் வைக்கும் விதம் எனக்குத் தெரியாதா. களைத்திருக்கிறான். சாப்பிடுகிற நேரம், தூங்குகிற நேரம் எல்லாம் அந்த ஹெட்போன் என் காதில்தான். நடை நின்றதே இல்லை.

நேற்று மதியம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தொண்டையில் இறங்கவில்லை. "சாப்பிட்டியாடா நெட்டை?" என்று கேட்டுவிட்டேன், வெறும் வீட்டில், எனக்கு நானே. அந்த மைக்கில் அவன் பேசுவது எனக்கு வரும். நான் பேசுவது அவனுக்குப் போக எந்த வழியும் கிடையாது.

நடை நின்றது.

முன்னால் போனவன் திரும்பி வந்து மைக்குக்கு அருகில் குனிந்தான். அவசரமில்லாத குரலில், கேட்டதற்குப் பதில் சொன்னான்.

"அவனுக்கு இன்னும் சோறு போடலை. நீ சாப்பிடு."